கரியில் பிறந்த கிதார்

கப்பலில் இஞ்சினீயராக வேலை பார்க்கும் என் தமக்கை மகன், இரண்டு வருஷங்களுக்கு முன்னால் ஒருநாள் இரவு நடுக்கடலிலிருந்து எனக்கு ஒரு படம் அனுப்பினான். காலஞ்சென்ற என் அத்தான் மெல்லிசைக் குழுக்களில் வாசித்து வந்த மரக் கிதாரின் படம் அது. மேற்பலகையில், குதிரைக்குக் கீழே தொடங்கி அடி விளிம்பு வரையில், கோல் வைத்துக் கோடு கிழித்ததுபோல் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. படத்தின் கீழே, "மாமா, பெட்டியைத் திறந்தேன். அப்பா கிதார் இப்படி இருக்கிறது" என்று மட்டும் எழுதியிருந்தான்.

பௌதிக சாஸ்திரம் போதிக்கிறவனிடம் யாராவது துக்கத்தைச் சொன்னால், அவன் ஆறுதல் சொல்வதை விட்டுவிட்டுக் காரணம் சொல்ல ஆரம்பித்துவிடுகிறான். நானும் அப்படியே செய்தேன். கப்பலில் அறைக்குள் இரவு பகலாகக் குளிர்சாதன யந்திரம் ஓடுகிறது. காற்று வறண்டு போகிறது. கதவைத் திறந்து மேல்தளத்துக்குப் போனாலோ உப்பும் ஈரமும் கலந்த காற்று. மரம் ஈரத்தில் பருக்கிறது, வறட்சியில் சுருங்குகிறது. நாரோட்டத்தின் நீளவாட்டில் இந்த அசைவு மிகச் சொற்பம்; குறுக்குவாட்டில்தான் அதிகம். மேற்பலகையின் விளிம்புகளோ சுற்றிலும் பசையிட்டு ஒட்டப்பட்டிருக்கின்றன. சுருங்க வேண்டும், ஆனால் இடமில்லை என்றால் பலகை என்ன செய்யும்? பிளந்துவிடுகிறது. இவ்வளவையும் விஸ்தாரமாக விளக்கிவிட்டுக் கடைசியில், "கப்பல் வாழ்க்கைக்கு மரம் ஆகாது. கார்பன் நாரில் செய்த சின்னக் கிதார் ஒன்று வாங்கிக்கொள்" என்று தீர்ப்பும் வழங்கிவிட்டேன்.

அவன் வாங்கினான். முதல் தடவை வாங்கியது வீணாயிற்று. ஒரு மாதச் சம்பளத்தில் பெரும் பகுதி அதோடு போயிற்று. குற்றம் அவன்மேல் இல்லை. 'கார்பன்' என்ற ஒரு சொல்லை நான் சொன்னேனே தவிர, அந்தச் சொல் ஒட்டியிருக்கும் பெட்டிக்குள் எதையெதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. உண்மையைச் சொல்லப் போனால், அப்பொழுது எனக்கே தெரியாது. அதன்பிறகு படித்தும், கடைகளிலும் நண்பர் வீடுகளிலும் கையில் எடுத்து வாசித்தும் அறிந்துகொண்டதையே இந்த வாரம் எழுதப் போகிறேன். வீட்டில் கிதார் கற்கும் பிள்ளையோ பெண்ணோ வெளியூர் ஹாஸ்டலுக்குப் போகும்போது, "எடுத்துப் போகச் சௌகரியமாக ஒன்று வேண்டும்" என்று கேட்கிற காலமாக இருப்பதால், நேயர்களில் சிலருக்காவது இது உபயோகப்படலாம்.

ஒரு சின்ன ஒப்பந்தம் செய்துகொள்வோம். கிதார்க்காரர்கள் ஃப்ரெட் என்று சொல்வதை வீணைக்காரர்கள் மெட்டு என்பார்கள். பிரிட்ஜ் என்பது குதிரை. நட் என்பது மேரு. முறுக்கிச் சுருதி கூட்டும் சாவிகள் பிரடைகள். இவ்வளவு நல்ல சொற்கள் நம் கையில் இருக்கும்போது நான் வேறு சொற்களைத் தேடப் போவதில்லை.

முதலில் பொருளைப் பற்றி. கரி என்றதும் அடுப்புக்கரி ஞாபகம் வரக் கூடாது. 1880-ஆம் வருஷ வாக்கில் எடிசன் தம் மின்விளக்குக்கு மூங்கில் நாரைக் கரியாக்கி இழையாக உபயோகித்தார். கார்பன் நாரின் பாட்டனார் என்று அதைச் சொல்லலாம். இன்றைய பலமுள்ள கார்பன் நாரை அமெரிக்காவில் ஒஹையோ ராஜ்யத்தில் ராஜர் பேக்கன் என்ற விஞ்ஞானி 1958-இல் கண்டறிந்தார். செயற்கை இழையிலிருந்து அதைத் தயாரிக்கும் வழியை ஜப்பானில் அகியோ ஷிண்டோ என்பவர் அதற்குச் சில வருஷங்களுக்குள் வகுத்தார். பிராணவாயு புகாத உலையில் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடேற்ற, இழையில் உள்ள மற்றப் பொருள்களெல்லாம் ஆவியாகப் போய்க் கார்பன் மட்டும் மிஞ்சுகிறது. ஒவ்வோர் இழையும் நம் தலைமயிரின் பருமனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். ஆயிரக்கணக்கான இழைகளைச் சேர்த்து ஒரு நூலாக்கி, நூல்களைத் துணியாக நெய்து, அந்தத் துணியை அச்சின்மேல் பல அடுக்காகப் பரப்பி, எபாக்ஸி என்னும் பிசினை ஊட்டிச் சூட்டில் இறுகவைத்தால் நாம் பேசுகிற பொருள் கிடைக்கிறது. ஈரத்தால் அது பருப்பதில்லை. சூட்டிலும் அநேகமாக நீள்வதில்லை.

வாத்திய உலகத்துக்குள் இதை முதலில் பெரிய அளவில் கொண்டுவந்தவர் ஹெலிகாப்டர் செய்து வந்த ஒருவர் என்பது வேடிக்கையான விஷயம். கனெக்டிகட்டைச் சேர்ந்த சார்லஸ் கமன் கிதார்ப் பைத்தியம். ஹெலிகாப்டர் இறக்கைகளின் அதிர்வை அடக்கத் தெரிந்த தம் ஆட்களைக் கொண்டு அதிர்வை வளர்க்கும் வாத்தியம் செய்யச் சொன்னார். 1966-இல் வட்ட முதுகுள்ள ஓவேஷன் கிதார் பிறந்தது. 1976-இல் அதே வீட்டில் பிறந்த அடமாஸ் என்ற கிதாருக்குக் கார்பன் நார் மேற்பலகை வைத்தார்கள். பிறகு 1990-களில் ஹவாயின் மவுயி தீவில் ஜான் டெக்கர் என்ற பௌதிக சாஸ்திரி, மழையிலும் வெயிலிலும் மரக் கிதார்கள் படும் பாட்டைப் பார்த்து, முழுவதும் கார்பன் நாரினாலேயே கிதார் செய்யத் தலைப்பட்டார். அதற்கு 'ரெயின்சாங்' என்று, மழையையே பெயரில் வைத்தார்! அந்தத் தொழில் பின்னால் வாஷிங்டன் ராஜ்யத்துக்கு இடம் பெயர்ந்தது. அயர்லாந்தில் டொனிகல் பிரதேசத்தில் அலிஸ்டர் ஹே நடத்தும் எமரால்டு, சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய பிளாக்பேர்டு, லூயிசியானாவில் பிறந்து 2010-இல் நின்றுபோய், பீவி கம்பெனியின் கைக்கு மாறிச் சில காலம் மிஸ்ஸிஸிப்பியில் உயிர் தரித்த காம்போஸிட் அக்கௌஸ்டிக்ஸ் எல்லாம் இதே வமிசாவளியில் வந்தவைதாம்.

இந்தக் கிதார்களில் சின்னவை ஏன் அதிகம் விரும்பப்படுகின்றன என்பதை ஊகிப்பது கஷ்டமில்லை. நனையும், வெயிலில் காயும், பெட்டியோடு எங்காவது இடிபடும் என்கிற பயம் பிரயாணத்தில்தான் உண்டு. வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வாசிக்கிறவருக்குக் கார்பன் நார் அவசியமே இல்லை என்பது என் அபிப்பிராயம். நல்ல மரம் போதும். பிரயாணம் போகிறவருக்கு இன்னொரு சௌகரியமும் உண்டு. கிதார்களின் முதுகுக்கு உலகமெங்கும் உபயோகமாவது நம் மலைக்காட்டு ஈட்டி மரம். 2017 முதல் 2019 வரையில் அந்த மரம் பூட்டிய வாத்தியங்களின் ஏற்றுமதிக்கும் சர்வதேசச் சட்டப்படி அனுமதிப் பத்திரம் வேண்டியிருந்தது. அந்த வருஷக் கடைசியில்தான் வாத்தியங்களுக்கு விலக்குக் கிடைத்தது. கரியால் செய்த கிதாரிடம் எந்தச் சுங்க அதிகாரியும் ஜாதி கேட்பதில்லை.

இனிமேல் கட்டுமானத்துக்கு வருகிறேன். 'கார்பன் கிதார்' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சாதிச் சரக்குகள் விற்கின்றன என்பதை அறியாததே என் முதல் பிழை.

ஒரு வகை மேலே சொன்னபடி துணியை அடுக்கிச் செய்வது. எந்த இடத்தில் எத்தனை அடுக்கு, நூல் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்று பார்த்துப் பார்த்துக் கையால் பரப்புகிறார்கள். மரத்தில் இயற்கை செய்கிற வேலையை இங்கே மனிதன் செய்ய வேண்டியிருக்கிறது. ஏனென்றால், கிதாரின் மேற்பலகைக்கு உபயோகிக்கும் ஸ்ப்ரூஸ் மரம், நாரோட்டத்தின் திசையில் விறைப்பாகவும் குறுக்கே அதில் பத்தில் ஒரு பங்கு விறைப்புக்கும் குறைவாகவும் இருக்கிறது. அந்த வித்தியாசத்தில்தான் அதன் குரல் இருக்கிறது. கார்பன் தகடு ஸ்ப்ரூஸைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு கனமான பொருள். ஆனால் அதைவிடப் பன்மடங்கு விறைப்பானது. ஆகையால் மரப் பலகை 3 மில்லிமீட்டர் தடிப்பென்றால், இதை அதைவிட மிகவும் மெல்லியதாகச் செய்தாக வேண்டும். ஓர் அடுக்கு அதிகமாகிவிட்டால் வாத்தியம் வாயடைத்துப் போகும். குறைந்துவிட்டால், எல்லாத் தந்திகளும் சேர்ந்து இழுக்கும் ஏறத்தாழ 160 ராத்தல் இழுப்பில், அதாவது 73 கிலோவில், குதிரையைச் சுற்றி வயிறு புடைத்துக்கொள்ளும். இந்த வேலைக்குத்தான் ஆயிரக்கணக்கான டாலர் விலை.

மற்றொரு வகையில் கார்பன் நாரைச் சிறு துணுக்குகளாக நறுக்கிப் பிளாஸ்டிக்கோடு கலந்து, உருக்கி, அச்சுக்குள் அழுத்திச் செலுத்துகிறார்கள். சீனாவில் உற்பத்தியாகும் லாவா மி, என்யா நோவா கோ போன்றவை இவ்வழியில் வந்தவை. துணுக்குகளுக்குத் திசை கிடையாது. நீள நூலின் விறைப்பும் கிடையாது. ஆகவே தகடு சற்றுத் தடிப்பாக இருக்கும். இவற்றை நான் இகழவில்லை. ஒரே அச்சில் ஒரே அளவாக வருகின்றன, விலையும் மலிவு. ஒரு மாணவனின் வீட்டில் இவற்றில் ஒன்றை வாசித்துப் பார்த்தபோது கைக்கு மிகவும் இதமாகவே இருந்தது. கட்டம் கட்டமாக நெசவு தெரியும் விலையுயர்ந்த கிதாரும் இதுவும் ஒரே பொருள் என்று நினைத்து ஏமாற வேண்டாம் என்று மட்டும் சொல்கிறேன். அந்த நெசவையும் நம்புவதற்கில்லை. வெளியே ஓர் அடுக்குக் கார்பன் துணியும் உள்ளே கண்ணாடி நாருமாகச் செய்வதும் உண்டு. நான் பள்ளிக்கூடத்து ஆய்வுச்சாலையிலிருந்து மின்தடை அளக்கும் மீட்டரைக் கொண்டுபோய், ஒரு கிதாரின் ஒலித்துளையில் பிசின் பூசாத விளிம்பைத் தொட்டுப் பார்த்தேன். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், கண்ணாடி நார் கடத்தாது. கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

உடலையும் கழுத்தையும் எப்படிச் சேர்க்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. தஞ்சாவூர் ஏகாண்ட வீணையைக் குடமும் தண்டியுமாக ஒரே பலாமரத்தில் குடைந்தெடுப்பார்கள் அல்லவா? எமரால்டின் எக்ஸ்-7 என்ற சிறிய கிதாரை அவ்விதமே, கழுத்தும் உடலும் தனித்தனி என்று பிரிக்க முடியாதபடி வார்க்கிறார்கள். பிளாக்பேர்டின் ரைடர் இன்னும் ஒரு படி மேலே போய்க் கழுத்தையும் உள்ளே வெறுமையாக வைத்து, அந்த வெற்றிடத்தையும் உடலின் காற்றோடு சேர்த்துவிட்டது. சின்ன உடலுக்குக் காற்றின் அளவைக் கூட்ட இது நல்ல யுக்தி. (அவர்கள் பின்னாளில் கார்பனோடு நில்லாமல் ஆளிச்செடி நாரிலும் கிதார் செய்தார்கள்.) யூடாவைச் சேர்ந்த க்ளாஸ் கம்பெனியார் கார்பன் உடலுக்கு மரக் கழுத்தை ஆணி முடுக்கிச் சேர்த்தார்கள். ஜர்னி என்ற கம்பெனியாரின் கிதாரில் கழுத்தைக் கழற்றி உடலோடு ஒரே பைக்குள் வைத்து, ஆகாய விமானத்தில் தலைக்கு மேலுள்ள அறையில் செருகிவிடலாம்.

பார்ப்பதற்கு அழகு எது என்று கேட்டால் ஏகாண்டம்தான். மூட்டே இல்லாத கழுத்தின் அடிப்பாகத்தில், கட்டைவிரல் தடையில்லாமல் பதினைந்தாம் மெட்டு வரையில் வழுக்கிக்கொண்டு போகிறது. ஆனால் என் மருமான் வாங்கியதும் ஏகாண்டம்தான்! அதை எந்தக் கம்பெனி செய்தது என்று சொல்ல விரும்பவில்லை. மேலே பெயர் சொன்னவற்றில் எதுவும் அன்று என்று மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அவன் அதை ஒரு துறைமுகத்தில் நண்பர் மூலம் வாங்கி வைத்து, அடுத்த பிரயாணத்தில்தான் பெட்டியைத் திறந்தான். அப்பொழுதே ஊருக்கும் வர நேர்ந்தது. கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தான். பளபளவென்று கறுப்பாக, ஒரு கீறல் இல்லாமல், ராஜநாகம்போல் இருந்தது. வாசித்துப் பார்த்தேன். ஐந்து நிமிஷத்தில் விரல் நுனிகள் கெஞ்சின. பன்னிரண்டாம் மெட்டுக்கு மேல் தடித்த தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்தேன். 4 மில்லிமீட்டர். இரண்டரை இருந்தால் இதம்.

"குதிரையின் மேலுள்ள எலும்புத் தகட்டைத் தேய்த்துவிட்டால் போகிறது, மாமா" என்றான்.

எலும்புத் தகட்டைத் தேய்க்கலாம். ஆனால் பன்னிரண்டாம் மெட்டு மேருவுக்கும் குதிரைக்கும் சரி நடுவில் இருக்கிறது. நடுவில் ஒன்றரை மில்லிமீட்டர் இறங்க வேண்டுமானால் குதிரையில் அதைப்போல் இரண்டு மடங்கு, 3 மில்லிமீட்டர், தேய்க்க வேண்டும். தகடு குதிரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்ததே 2 மில்லிமீட்டர்தான்! கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். அவன் இஞ்சினீயர், பார்த்ததும் புரிந்துகொண்டான். கழுத்து உடலோடு சேருகிற கோணத்திலேயே பிசகு.

மரக் கிதாராயிருந்தால் இதற்கு வைத்தியம் உண்டு. பழைய மரக் கிதார்களில் கழுத்து மெள்ள மெள்ள முன்னே சாய்வது சகஜம். கைதேர்ந்த தச்சர், மூட்டுக்குள் நீராவியைச் செலுத்திப் பசையை இளக்கி, கழுத்தைக் கழற்றி, அடியை இழைத்துக் கோணத்தைத் திருத்தி, மறுபடி பொருத்திவிடுவார். ஏகாண்டக் கார்பனில் கழற்றுவதற்கு மூட்டும் இல்லை, இளக்குவதற்குப் பசையும் இல்லை. கடலும் வெயிலும் அதை அசைக்க முடியாது என்று எதற்காக வாங்கினோமோ, அதே காரணத்தால் அதன் குற்றத்தையும் யாராலும் அசைக்க முடியவில்லை. அச்சிலிருந்து எடுத்த அன்று என்ன கோணமோ அதுவே என்றைக்கும். விற்றவர்களுக்கு எழுதினோம். திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது என்று மிகவும் மரியாதையாகப் பதில் வந்தது.

"நீங்கள் சொன்னீர்கள் என்றுதான் வாங்கினேன், மாமா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

ஆகவே கார்பன் கிதாரைப் பொறுத்தவரை முதல் நாள் பரீட்சைதான் எல்லாம். மரக் கிதார் வாங்குகிறவர், "கொஞ்சம் பழகட்டும், பிறகு ஒக்கிடலாம்" என்று இருக்கலாம். இங்கே அது நடவாது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலைப்பக்கத்திலிருந்து கழுத்தின் நெடுக, துப்பாக்கி குறிபார்ப்பதுபோல் பாருங்கள். மெட்டுகளின் மேல்விளிம்பை ஒட்டி ஓடும் பார்வை குதிரையின் மேல்மட்டத்தைத் தொட வேண்டும். குதிரையின் நடுவயிற்றில் மோதினால் அந்த வாத்தியத்தைக் கீழே வைத்துவிடுங்கள். கழுத்துக்குள் வளைவைச் சரிப்படுத்தும் எஃகுக் கம்பி இருக்கிறதா என்றும் கேளுங்கள். "கார்பன் வளையவே வளையாது, கம்பி எதற்கு?" என்று சிலர் வைப்பதே இல்லை. வளையாது என்பது வாஸ்தவம். ஆனால் தந்தி அதிரும்போது மெட்டில் உரசாமலிருக்கக் கழுத்தில் ஓர் அணுவளவு பள்ளம் வேண்டும். தடித்த தந்தி போடுகிறவருக்கு ஒரு பள்ளம், மெல்லிய தந்திக்கு வேறு பள்ளம். கம்பி இருந்தால் அதை நம் இஷ்டப்படி மாற்றிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் செய்தவரின் இஷ்டமே நம் இஷ்டம்.

மெட்டுகள் விஷயத்தில் கார்பன் நாருக்கு நிஜமான ஒரு மேன்மை இருக்கிறது. வீணையில் 24 மெட்டுகளையும் மெழுகில் பதித்திருப்பதால், ஸ்வரம் பிசகினால் மேளக்காரரைக் கூப்பிட்டு மறுபடி கட்டிவிடலாம். கிதாரிலோ அவை பலகையில் அடித்து இறக்கியவை. மரப் பலகை வறட்சியில் சுருங்கும்போது மெட்டுகளின் முனை மட்டும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு கையைக் கீறும். கார்பன் பலகையில் இந்தத் தொல்லையே கிடையாது. ஆனால் மெட்டுகளின் உயரம் ஒன்றுபோல் இருக்கிறதா என்பது முழுவதும் மனிதனின் கைவேலை. அதற்கும் கார்பனுக்கும் சம்பந்தமில்லை. ஒரு சிறிய எஃகு அடிக்கோலை மூன்று மெட்டுகளின்மேல் குறுக்கே வைத்தால் அது ஆடக் கூடாது. ஆடினால் நடு மெட்டு மேடு. பல ஆயிரம் ரூபாய் வித்தியாசத்தை நாற்பது ரூபாய் அடிக்கோல் காட்டிக்கொடுத்துவிடும்.

இனி, 'சின்ன' என்ற சொல்லின் விலை. பெரிய கிதாரில் மேருவுக்கும் குதிரைக்கும் இடையே தந்தியின் நீளம் ஏறக்குறைய 25.4 அங்குலம். காம்போஸிட் அக்கௌஸ்டிக்ஸின் கார்கோ என்னும் சிறு கிதாரில் அது 22.75. விஸ்கான்சின் ராஜ்யத்து மெக்ஃபர்ஸன் கம்பெனியாரின் டூரிங்கில் 22. முதல் மெட்டின் அகலம் இதனால் கார்கோவில் 4 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகச் சுருங்குகிறது. சிறு கைகளுக்கு இது பெரிய உபகாரம். பத்து வயதுப் பெண் குழந்தை எஃப் ஸ்வரக்கூட்டை முதன்முதலில் பிடிக்கும்போது அதன் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதே தந்தியை அதே சுருதிக்கு ஏற்றினால் இழுப்பு, நீளத்தின் வர்க்கப்படி குறைகிறது. கணக்குப் போட்டால் 160 ராத்தல் 128 ஆகிவிடுகிறது. அழுத்துவது சுலபம்தான். ஆனால் தந்தி தொளதொளவென்று ஆகிறது. பலமாக மீட்டினால் மெட்டில் சடசடக்கிறது. விரல் சற்று அழுத்திவிட்டாலும் சுருதி ஏறிவிடுகிறது. கடையில் ஒருவர் சின்னக் கிதாரை வாசித்துவிட்டு, "சுருதியே நிற்கவில்லை, மட்டம்" என்றார். கிதார் மட்டமில்லை, அதில் பெரிய கிதாருக்குரிய மெல்லிய தந்தி போட்டிருந்தது. 12 என்ற அளவுக்குப் பதில் 13 போட்டால் இழுப்பு ஏறக்குறைய பழைய நிலைக்கே வந்துவிடுகிறது. இதைச் செய்துவிட்டுத்தான் இரண்டு கிதார்களை ஒப்பிட வேண்டும்.

நாதத்தைப் பற்றி எழுதாமல் விட்டால் நேயர்கள் கோபிப்பார்கள். கிதாரின் மிகக் கீழான தந்தி விநாடிக்கு 82 தடவை அதிர்கிறது. பெரிய கிதாரின் உடலிலுள்ள காற்று, 100-க்குப் பக்கத்தில் சேர்ந்து ஒலிக்கும். ஆகவே கீழ்ஸ்தாயிக்கு முட்டுக் கொடுக்கிறது. உடல் சிறுத்தால் இந்த எண்ணிக்கை மேலே போய்விடுகிறது, கீழ்ஸ்தாயி அநாதையாகிறது. கார்பன் ஆனாலும் தேவதாரு ஆனாலும் இந்த விதிக்கு விலக்கில்லை. துளையைச் சிறிதாக்கினால் எண்ணிக்கை கொஞ்சம் இறங்கும். எமரால்டிலும் மெக்ஃபர்ஸனிலும் துளையை நடுவிலிருந்து எடுத்து ஓரத்தில் வைத்திருப்பதால், நடுப்பலகை முழுவதும் அதிரக் கிடைக்கிறது. வாசிப்பவரின் காதுக்கும் நாதம் நேராக ஏறுகிறது. இவ்வளவு சாமர்த்தியம் செய்தும், சின்னக் கார்பன் கிதாரின் மந்தர ஸ்வரங்கள் எனக்கு மெலிவாகவே கேட்கின்றன. மேல் ஸ்வரங்களோ வெண்கலக் கிண்ணியைத் தட்டினாற்போல் சுத்தமாக, நெடுநேரம் நிற்கின்றன. அத்தானின் பழைய கிதாரில் இருந்த, தொண்டை கனத்த மனிதன் தாலாட்டுப் பாடுகிறாற்போன்ற அந்தக் குரல் இவற்றில் எதிலும் எனக்குக் கிடைக்கவில்லை. இது என் செவியின் பட்சபாதமாகவும் இருக்கலாம்.

சென்ற வருஷம் மருமான் மறுபடி ஒன்று வாங்கினான். இந்தத் தடவை சிங்கப்பூரில், கடைக்கே போய், மத்தியானம் முழுவதும் உட்கார்ந்து பார்த்தான். சட்டைப்பையில் நான் கொடுத்த எஃகு அடிக்கோல் இருந்தது. நான்கு கிதார்களில் மூன்றைத் தள்ளினான். ஒன்றில் மேருவின் காடிகள் ஆழமில்லை. ஒன்றில் ஏழாம் மெட்டு மேடு. இன்னொன்று எல்லாம் சரியாயிருந்தும், உடல் லேசாய்ப் பிரடைகள் கனமாய் இருந்ததால், கையை எடுத்தவுடன் தலை தரையை நோக்கிக் கவிழ்ந்ததாம். சிறு கிதார்களுக்கு இப்படி ஒரு வியாதி உண்டு என்பதை எனக்கு அவன்தான் சொன்னான். கடைசியில் யாரோ ஒருவர் வாசித்துவிட்டு விற்ற, முதுகில் கீறல் விழுந்த ஒரு கிதாரைப் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டான். பன்னிரண்டாம் மெட்டில் 2.4 மில்லிமீட்டர். விலாசம் போலவே அந்த அளவையும் எனக்கு எழுதி அனுப்பினான்.

கப்பலில் அதை அவன் அறைச் சுவரில் கொக்கி போட்டு மாட்டியிருக்கிறான். செங்கடல் சூட்டிலும் வடகடல் குளிரிலும் போய் வந்தாயிற்று. உடலுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுருதி மட்டும் கொஞ்சம் இறங்கி ஏறுகிறது என்கிறான். கார்பன் அசையாவிட்டாலும் எஃகுத் தந்தி சூட்டில் நீளத்தானே செய்யும்? தோள்வார் மாட்டும் அலுமினியக் குமிழ் உப்புக்காற்றில் வெள்ளையாகப் பொரிந்து போயிற்றாம். கார்பனும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால் அலுமினியம் அரிக்கப்படும் என்று எனக்கே பாடம் நடத்தினான். கப்பல்காரர்களுக்கு இது அரிச்சுவடி. எஃகுக் குமிழாக மாற்றிவிட்டானாம்.

அத்தானின் கிதார் இப்பொழுது என் தமக்கை வீட்டில் இருக்கிறது. எங்கள் ஊரில் வாத்தியம் பழுது பார்க்கும் ஒருவர், வெடிப்பை ஈரத் துணி வைத்து ஒரு வாரம் கூடவிட்டுப் பசையிட்டு, உள்பக்கம் சிறு மரத் துண்டுகளைக் குறுக்கே ஒட்டிக் கொடுத்தார். கோடு தெரிகிறது, குரல் திரும்பிவிட்டது.

போன வாரம் மருமானிடமிருந்து செய்தி வந்தது. அடுத்த மாதம் லீவில் வருகிறான். கிதாருக்கு ஒன்றும் இல்லை, தந்திகள்தாம் மூன்று வாரத்துக்குமேல் தாங்காமல் துருப்பிடிக்கின்றனவாம். 13 அளவில் ஒரு டஜன் செட் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறான். அதற்குக் கீழே, "12-இலும் ஒரு செட் வாங்கி வையுங்கள், மாமா. அது அப்பா கிதாருக்கு" என்று எழுதியிருந்தது.